கும்பகர்ணனுக்கு எத்தின மார்க்ஸ்?

கடிதம்:

வணக்கம் சேர்,

நான் கல்முனைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல தமிழ் படிப்பிக்கிறன். பேர் போடாதீங்க, பிறகு ஸ்டாஃப்ரூம்ல கதை வரும். போன கிழமை கும்பகர்ணன் பாடம் எடுத்துக்கிட்டு இரிக்கக்குள்ள ஒரு பொடியன் எழும்பி, "மிஸ், வெள்ளக்காரன்ட கதையள்ல வாற ஹீரோமாரெல்லாம் கோவக்காரனும் சுயநலக்காரனுமா இரிக்கானுகள், ட்ரோய் சண்டையில அந்த அக்கிலிஸ் செத்தவன்ட உடம்பக் கட்டி இழுக்கிறான், எங்கட கதையள்லதான் தர்மம், கற்பு, நன்றி எல்லாம் இரிக்கு, அப்ப எங்கட இலக்கியம்தானே மிஸ் பெரிசு?" எண்டு கேட்டான். ஓமெண்டு சொல்லத்தான் வந்தன், வாய் வரல்ல. இதக் கொண்டுபோய் ஸ்டாஃப்ரூம்ல சொன்னா இங்கிலிஸ் லிட் எடுக்கிற டீச்சர் நேர் எதிரா சொல்றா. எங்கட பாத்திரமெல்லாம் பொம்மையாம், நல்லவன் எண்டா முழுக்க நல்லவன், கெட்டவன் எண்டா முழுக்கக் கெட்டவன், கிரேக்கத்திலயும் ஷேக்ஸ்பியர்லயும்தான் மனிசன் மனிசனா இரிக்கானாம். ரெண்டு பேருக்கும் நான் பதில் சொல்லல்ல. நீங்க கூத்துக் களரியில வளந்த ஆள், அந்தப் பக்கத்துப் புத்தகங்களும் வாசிக்கிற ஆள். கிழக்குக்கு ஒரு ஒழுக்கம், மேற்குக்கு ஒரு ஒழுக்கம் எண்டு இரிக்கா சேர்? அந்தப் பொடியனுக்கு நான் என்ன சொல்ல?

இப்படிக்கு,
உங்கட வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

கிழக்கு மேற்கு எண்டு வாசிச்சோன எனக்கு கிரேக்கமும் இந்தியாவும் ஞாபகம் வரல்ல, மட்டக்களப்பு வாவிதான் ஞாபகம் வந்தது. நாங்க எழுவான்கரை, அதாவது வாவிக்குக் கிழக்குக் கரை ஆக்கள், மேற்குக் கரை படுவான்கரை. சின்ன வயசில கொக்கட்டிச்சோலைத் தேருக்குப் போறண்டா மண்முனைத் துறையில பாதை ஏறித்தான் போகணும் (வெளியூர் ஆக்களுக்குச் சொல்றன், பாதை எண்டா இஞ்ச றோட்டு இல்ல, ஆக்களையும் வாகனத்தையும் ஏத்தி அக்கரை சேக்கிற மிதவை, 2014ல பாலம் வந்தாப்பிறகு அது இல்ல). பாதையில நிக்கக்குள்ளயே பெரியாக்கள் தொடங்கிருவாங்க, படுவான்கரையார் அப்பிடி, படுவான்கரையார் இப்பிடி, பேசிற பேச்சே வேற, கவனம் எண்டு. அக்கரையில இறங்கி ஒரு வீட்டில தண்ணி வாங்கிக் குடிச்சா அங்க ஒரு கிழவி எங்களப் பாத்து, "எழுவான்கரைப் புள்ளையளா, அங்கத்தையாக்கள் கெட்டிக்காரராச்சே" எண்டு ஒரு மாதிரிச் சிரிப்பா. ரெண்டு கரையையும் சேத்து மட்டக்களப்பான் எண்டு யாழ்ப்பாணத்தில என்ன சொல்லுவாங்க எண்டு உங்களுக்குத் தெரியும்தானே, வந்த ஆள மந்திரம் செஞ்சி பாயோட ஒட்டவைச்சிருவானுகளாம். எத்தின வருசமா ஒட்டவைக்கிறம், ஒருத்தரும் ஒட்டினதா நான் காணல்ல.

சரி, கதைக்கு வாறன். முதல்ல உங்கட பொடியன்ட்ட ஒரு கேள்வி கேளுங்க, ட்ரோய் எங்க இரிக்கு எண்டு. இப்பத்த துருக்கியில, சானக்கலே பக்கம், ஹிசார்லிக் எண்ட மேட்டிலதான் தோண்டி எடுத்திருக்காங்க. அது ஆசியாக் கரை. அப்ப அக்கிலிஸ் கட்டி இழுத்த அந்த ட்ரோய் ராசாட மகன் ஹெக்டர் ஆர்? வெள்ளக்காரன்ட ஹீரோவா? கப்பல் கட்டி வந்த கிரேக்கன்ட கண்ணுக்கு அவன் கிழக்கத்தையான், எதிரிட ஊர்க்காரன். அப்பிடி இரிக்கக்குள்ள, அந்தச் சண்டையப் பாடுற இலியட் எண்ட கிரேக்கக் காவியம் முழுக்க பொண்டாட்டி புள்ளையோட வீட்டில நிண்டு கதைக்கிற மனிசனா ஹோமர் காட்டுறது தன்ட பக்கத்து அக்கிலிஸ இல்ல, இந்த எதிரியத்தான். இதொண்டே போதும் எனக்கு, கிழக்கு மேற்கு எண்டு கோடு கீறிற ஆக்களிட கோடு அந்தப் புத்தகத்தின்ட முதல் நாளே அழிஞ்சிட்டு எண்டு சொல்ல.

ஆறாம் படலத்தில ஹெக்டர் சண்டையில இருந்து ஊருக்குள்ள ஒருக்கா வருவான். மதிலுக்குக் கிட்ட பொண்டாட்டி அந்திரோமக்கி புள்ளையத் தூக்கின தாதியோட நிப்பா. போகாத எண்டு கெஞ்சுவா, எனக்கு தாயும் இல்ல தகப்பனும் இல்ல சகோதரமும் இல்ல, எல்லாம் நீதான் எண்டு சொல்லுவா. அவன் சொல்ற பதில நல்லாக் கவனிங்க. நான் ஒதுங்கி நிண்டா இந்த ஊர் ஆம்பிளையள் பொம்பிளையளிட முகத்தப் பாக்க எனக்கு வெக்கம் எண்டு சொல்றான். அடுத்த மூச்சிலயே, இந்த ஊர் ஒரு நாள் அழியத்தான் போகுது, அது எனக்குத் தெரியும் எண்டும் சொல்றான். வெல்லுவம் எண்டு நம்பிப் போறவன் இல்ல அவன். தம்பி பாரிஸ் இன்னொருத்தன்ட பொண்டாட்டியக் கூட்டி வந்த பிழையாலதான் இவ்வளவும் எண்டதும் தெரியும், அவனுக்கு மூஞ்சிக்கு நேர ஏசுறவன்தான். மறுகா புள்ளையத் தூக்கக் கை நீட்டுவான், தகப்பன்ட தலையில இரிக்கிற தலைக்கவசத்தையும் அதுக்கு மேல ஆடுற குதிரை மயிரையும் கண்டு புள்ள பயந்து தாதிட நெஞ்சில முகத்தப் புதைச்சி கத்தும். தாயும் தகப்பனும் சிரிப்பாங்க. அவன் அதக் கழட்டி நிலத்தில வைச்சிட்டு புள்ளையக் கொஞ்சுவான். தலைக்கவசம் நிலத்தில கிடக்கும். அந்த ஒரு நிமிசம்தான் அவன் தகப்பன், மறுகா அதத் தூக்கித் தலையில போட்டுட்டு போய்ச் சாகணும்.

இப்ப நம்மட கும்பகர்ணனுக்கு வாங்க. நித்திரையால எழுப்பிக் கொண்டுபோய் தமையனுக்கு முன்னால விடுறாங்க, சண்டை எண்டு விளங்கினோன அவன் கேக்கிறதே "ஆனதோ வெஞ்சமம்? அலகில் கற்புடைச் சானகி துயரினம் தவிர்ந்தது இல்லையோ?" எண்டுதான். சண்டை வந்திட்டா, அந்தப் பொம்பிளைய இன்னும் விடல்லயா எண்டு. பிழை ஆரில எண்டு அவனுக்கும் தெரியும், ஹெக்டர் மாதிரியே தெரியும், சாவு நிச்சயம் எண்டதும் தெரியும். களத்தில வீடணன் வந்து இந்தப் பக்கம் வா எண்டு கூப்பிட்டா, "நீர்க்கோல வாழ்வை நச்சி நெடிதுநாள் வளர்த்துப் பின்னைப் போர்க்கோலம் செய்து விட்டாற்கு உயிர்கொடாது அங்குப் போகேன்" எண்டு சொல்றான். இவ்வளவையும் நீங்க கிளாஸ்ல சொல்லியிருப்பீங்க. ஆனா அதோட நிப்பாட்டினா கம்பன்ட விளையாட்டு விளங்காது தங்கச்சி. ஏனெண்டா அதே வாயால தம்பிட்ட, நீ ராமன்ட்டயே போ, கெதியாப் போ எண்டும் சொல்றான். ஏன் போகணும்? இஞ்ச எல்லாரும் அம்பு பட்டுச் செத்துப் போனா, கையால எள்ளும் தண்ணியும் இறைச்சி கடன் கழிக்க ஒருத்தனக் காட்டு பாப்பம் எண்டு கேக்கிறான். தமையன விட்டுப் போகாதது சரியெண்டா வீடணன் செஞ்சது பிழை. வீடணன் செஞ்சது சரியெண்டா இவன் செய்யிறது பிழை. கம்பன் ரெண்டையும் சரியெண்டு வைச்சிட்டு ரெண்டு அண்ணன் தம்பியையும் கட்டிப்பிடிச்சி அழ விடுறான். எந்தப் பக்கம் நிக்கணும் எண்டு எங்களுக்குச் சொல்லவே இல்ல.

இந்தக் கரையில வாழ்ந்த ஆக்களுக்கு அது சும்மா பாட்டு இல்ல. வீடணன் எண்ட பேர ஒரு காலத்தில எங்கட ஊர்ல என்ன கருத்தில பாவிச்சாங்க எண்டு உங்கட வீட்டுப் பெரியாக்கள்ட்டக் கேட்டுப் பாருங்க.

ஹெக்டருக்கும் கும்பகர்ணனுக்கும் வித்தியாசம் இல்லையா எண்டா, இரிக்கு. ஹெக்டருக்கு ஊரிட முகம், கும்பகர்ணனுக்கு சோறு போட்ட கை. ஒருத்தன் ஊர் என்ன சொல்லும் எண்டு பாக்கிறான், மத்தவன் ஊர் என்ன சொன்னாலும் பரவாயில்ல, திண்ட சோத்துக்குச் செய்யணும் எண்டு பாக்கிறான். ஆனா இத வைச்சி மேற்கு ஊருக்குப் பயந்தது, கிழக்கு நன்றிக்குக் கட்டுப்பட்டது எண்டு எழுதிறாதீங்க. எங்கட ஊர்ல வெக்கத்துக்குப் பயந்து நடந்த கலியாணமும் நடக்காத கலியாணமும் எத்தின எண்டு எண்ணினா ஹெக்டர் எங்கட சாதிசனம் எண்டுதான் சொல்லணும்.

இதெல்லாம் எங்க கெட்டுப்போகுது எண்டா, சொல்லக் கவலையா இரிக்கு, எங்கட பேப்பர்லதான். "கும்பகர்ணனின் பண்புகளை விளக்குக." நான் படிக்கிற காலத்தில இதுக்கு ரெடிமேட் விடை, வீரம், சகோதர பாசம், நன்றியுணர்வு, ஒவ்வொண்டுக்கும் ஒரு பாட்டுவரி மேற்கோள். நானும் எழுதினன், நல்ல மார்க்ஸ் வந்தது. ஆனா சகோதர பாசம் எண்டு எழுதக்குள்ள எந்தச் சகோதரம் எண்டு ஒரு மாஸ்டரும் கேக்கல்ல. அவனுக்கு ரெண்டு சகோதரம், ரெண்டுபேரும் எதிரும் புதிருமா நிக்கிறாங்க, சிக்கலே அதுதானே! ஹெக்டருக்கும் இதே பேப்பர போட்டா பொடியன் முதலாவது பண்பு வீரம் எண்டுதான் எழுதுவான். கடைசியில அக்கிலிஸக் கண்டோன அந்த வீரன் ஊர் மதிலச் சுத்தி மூண்டு தரம் ஓடுறானே, அத எந்தப் பண்புக்குக் கீழ எழுத?

உங்கட இங்கிலிஸ் லிட் டீச்சர் சந்தோசப்பட வேணாம், அவவிட பக்கமும் இதே வருத்தம் இரிக்கு. அங்க பண்புக்குப் பதிலா குறை. மக்பெத்துக்கு பேராசை, ஒதெல்லோவுக்கு சந்தேகம், லியருக்கு முகஸ்துதி. அரிஸ்டாட்டில் சொன்ன ஹமார்த்தியா எண்ட சொல்ல வைச்சிக்கிட்டு ஒவ்வொரு ஹீரோவுக்கும் ஒரு நோய்ச்சீட்டு எழுதிக் குடுக்கிறாங்க. அந்தச் சொல்லு அம்பு எறியிற ஆக்களிட சொல்லு, குறி தப்புறதுதான் அதிட அடிக்கருத்து. குறி தப்புறவன் கெட்டவன் இல்ல, சில நேரம் காத்தும் அடிக்கும்.

எங்கட ஆக்கள்ல இத வேற மாதிரிப் பாத்த ஒருத்தர் உங்களுக்குப் பக்கத்து ஊர்தான், காரைதீவு. விபுலானந்த அடிகள் 1926லயே மதங்க சூளாமணி எழுதிட்டார். ஷேக்ஸ்பியர்ட பன்னிரண்டு நாடகத்த எடுத்து, எங்கட ஆக்கள் மெய்ப்பாடு, சுவை எண்டு சொல்ற கண்ணால அதுகளப் பாத்தார். ஆர் பெரிசு எண்டு தராசு தூக்கல்ல. கோவமும் அழுகையும் அங்க எப்பிடி வருது, இஞ்ச எப்பிடி வருது எண்டுதான் பாத்தார். நூறு வருசமாகப் போகுது, நாங்க இன்னும் ஸ்டாஃப்ரூம்ல தராசு பிடிச்சிக்கிட்டு நிக்கிறம்.

இனி பொம்மை எண்ட கதைக்கு வருவம். இதுக்கு எனக்கு கொஞ்சம் கோவம் வந்தது, உள்ளதச் சொன்னா. எங்கட ஊர்ல பதினெட்டாம் போர் கூத்துப் பழகக்குள்ள நான் பொடியன், சல்லாரித் தாளம் போட்ற ஆக்களுக்குப் பக்கத்தில குந்திக்கிட்டு பாத்துக்கிட்டு இருப்பன். துரியோதனனுக்கு ஆடுற அண்ணன், கெட்டவன்தானே எண்டு நினைச்சிட்டு, புருவத்த நெரிச்சி மீசைய முறுக்கி சினிமா வில்லன் மாதிரி களரிக்குள்ள வந்தார். கூத்துப் பழக்கிற அண்ணாவியார் மத்தளத்த நிப்பாட்டிட்டார். "ஏன்டா அப்பிடி வாறாய்? ராசா மாதிரி வா. உனக்கு நீ ராசாதானே" எண்டார். அவ்வளவுதான், மறுகா மத்தளத்தில அடி விழுந்தது. அண்டைக்கு விளங்கல்ல, பிறகு விளங்கிச்சி. வடமோடிக் கூத்தில தருமனுக்கும் கரப்புடுப்பு, துரியோதனனுக்கும் கரப்புடுப்பு. அவனுக்கும் முடி, இவனுக்கும் முடி. வரவுப் பாட்டில ஆளாளுக்கு தன்ட பெருமையத் தானே பாடிக்கிட்டுத்தான் வருவான், பிற்பாட்டுக்காரர் எல்லாருக்கும் ஒரே தொண்டையாலதான் பாடுவாங்க. கெட்டவனுக்கு எண்டு தனி உடுப்பு அந்தக் களரியில இல்ல. கடைசியில தொடையில அடிக்கப்படாது எண்ட கதாயுத்தச் சட்டத்த மீறித்தான் வீமன் அவன விழுத்துறான், அதுவும் கிருஷ்ணன் கை காட்டித்தான். விடியச்சாமம் அவன் விழக்குள்ள வெத்திலையைத் துப்பிட்டு மூக்கச் சிந்தின கிழவியள நான் என்ட கண்ணால கண்டிரிக்கன். அவங்க பாஞ்சாலிட துகில உரிஞ்சதயும் மறக்கல்ல, இவன்ட சாவுக்கும் அழாம விடல்ல. இராவணன ஒரு துன்பியல் நாயகனா நிறுத்தி 1960களில பேராசிரியர் வித்தியானந்தன்ட காலத்தில பேராதனையில இராவணேசன் போட்டாங்களே, அது மேற்க பாத்து கத்துக்கிட்டது எண்டு சில பேர் சொல்லுவாங்க. கொஞ்சம் இரிக்கலாம். ஆனா களரியில அது முதலே இருந்தது.

கண்ணகையும் அப்பிடித்தான். அவ மாறவே இல்ல, கல்லு மாதிரிப் பத்தினி எண்டு உங்கட டீச்சர் நினைக்கிறா போல. புகார்க் காண்டத்தில அவ பேசினத எண்ணிப் பாருங்க, விரல் மிச்சம். குளத்தில குளிச்சி காமன் கோயில கும்பிட்டா புருசன் வருவான் எண்டு தேவந்தி சொல்லக்குள்ள ஒரே ஒரு சொல்லு, "பீடன்று". அது பெருமை இல்ல எண்டு. எல்லாத்தையும் துலைச்சிட்டு கோவலன் வந்து நிக்கக்குள்ள "சிலம்புள கொண்ம்". சிரிச்ச முகத்தோட. அதே ஆள் மதுரையில அரசன்ட வாசல்ல வந்து "தேரா மன்னா" எண்டு தொடங்குறா பாருங்க. ரெண்டு சொல்லுப் பேசின வாய் இப்ப நிக்குதில்ல. இத மாற்றம் இல்ல எண்டு சொன்னா வேற எத மாற்றம் எண்டு சொல்ல?

அங்க அரசன் "யானோ அரசன் யானே கள்வன்" எண்டு சொல்லி, "கெடுகவென் ஆயுள்" எண்டு விழுந்து சாகிறான். சோபொக்கிளிஸ்ட அந்திகொனி நாடகத்தில கிரெயோன் எண்ட ராசாவும் ஒரு பொம்பிளைக்கு முன்னால பிழை விட்டவன்தான். அந்திகொனிட செத்த சகோதரன புதைக்கப்படாது எண்டு இவன் சட்டம் போட, அவ மண் அள்ளிப் போட்டு புதைக்கிறா, இவன் அவவ உயிரோட குகையில அடைக்கிறான். பிழை விளங்கி ஓடி வரக்குள்ள அவ தூக்கில, மகன் செத்து, பொண்டாட்டியும் செத்து. கிரெயோன் சாகல்ல. என்ன இஞ்ச இருந்து கூட்டிக்கிட்டுப் போங்க எண்டு கெஞ்சிக்கிட்டு உயிரோட நிக்கிறான். ஒருத்தனால ஒரு நிமிசம் உயிரோட இரிக்க ஏலாது, மத்தவன் இருந்துதான் ஆகணும். எது பெரிய தண்டனை? வயசு போகப் போக எனக்கு கிரெயோன்ட முகம்தான் கூட வருது. அது என்ட கருத்து, நீங்க ஏத்துக்க வேணாம்.

ஆனா கண்ணகைட கதை எங்கட பக்கம் மதுரை எரிஞ்சதோட முடியல்ல எண்டது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. தம்பிலுவில், காரைதீவு, செட்டிபாளையம் எண்டு கண்ணகை அம்மன் கோயில் எல்லாம் வைகாசியில கதவு திறந்து, வழக்குரை படிச்சி, கடைசியில குளிர்த்தி பாடுறமே, அது என்ன? அவட கோவம் பிழையெண்டு நாங்க ஒருநாளும் சொல்லல்ல. சரியான கோவம்தான். ஆனா பார்ப்பார், அறவோர், பசு, பத்தினி, மூத்தோர், குழந்தை இவங்கள விட்டுட்டு எரி எண்டு அவவே சொல்லியும் ஒரு ஊர் எரிஞ்சிட்டு, அந்தச் சூட்ட ஆர் ஆத்துற? தண்ணி தெளிச்சி, வேப்பிலை ஆட்டி, "குளிர்ந்தருள்வாய்" எண்டு வருசா வருசம் கெஞ்சிறம். ஒரு வருசம் ஆத்தினா போதாது எண்டதும் எங்கட ஆக்களுக்குத் தெரிஞ்சிரிக்கு.

இத மாதிரியே ஒண்டு கிரேக்கத்தில இரிக்கு எண்டு நான் நாப்பது வயசுக்குப் பிறகுதான் கண்டன். கி.மு. 458ல அத்தென்ஸ்ல எஸ்கிலஸ் போட்ட நாடகத்தில, தாயக் கொலை செஞ்ச மகன துரத்தி வாற எரினியஸ் எண்ட பெண் தெய்வங்கள் இரிக்கு. ரத்தப்பழி வாங்கிற தெய்வங்கள். வழக்கு நடந்து, ரெண்டு பக்கமும் வோட் சமமா விழுந்து, மகன் தப்பிருறான். அப்ப அந்தத் தெய்வங்கள் ஊரையே நாசமாக்கப் போறம் எண்டு நிக்கக்குள்ள அந்த ஊர்த் தெய்வம் அத்தீனா என்ன செய்யிறா? அடிச்சித் துரத்தல்ல. நீங்க தோத்துப் போகல்ல, உங்கட கோவத்தப் பொறுக்கிறன், இந்த ஊர்லயே இரிங்க, உங்களுக்கு இடம் தாறம், பூசை தாறம் எண்டு திரும்பத் திரும்பச் சொல்லி இணங்கப் பண்றா. கடைசியில அதுகள் ஊரக் காக்கிற தெய்வமாகி பந்தம் பிடிச்ச ஊர்வலத்தில போகுதுகள். நான் அத வாசிச்சிட்டு புத்தகத்த மூடிட்டன். இது எங்கட கோயில் வாசல்தானே! அவன் வாதம் பண்ணி ஆத்துறான், நாங்க பாட்டுப் பாடி ஆத்துறம், அதுதான் வித்தியாசம்.

கற்பு பத்தி பொடியன் சொன்னதுக்கு நீட்டாமச் சொல்றன். கிரேக்கக் கதையில வாற பெனெலொப்பி இருபது வருசம் புருசனுக்காக இருந்தவ, மாமனாருக்கு சவத்துணி நெய்யிறன் எண்டு பகல்ல நெய்து ராவையில பிரிச்சி தன்னக் கலியாணம் முடிக்க வந்து நிண்ட எல்லாரையும் மூண்டு வருசம் ஏமாத்தினவ. புருசன் ஒடிசியஸ் வழியில ஒருத்தியோட ஒரு வருசம், இன்னொருத்தியோட ஏழு வருசம். வீட்டுக்கு வந்து அந்த வந்து நிண்டவங்களோட படுத்த பன்னிரண்டு வேலைக்காரப் பொடிச்சியளக் கொல்லச் சொல்றான், மகன் தூக்கில போடுறான். கோவலனையும் மாதவியையும் நான் சொல்லத் தேவையில்ல. பொம்பிளைக்கு ஒரு கணக்கு, ஆம்பிளைக்கு ஒரு கணக்கு எண்டதில ரெண்டு கரையும் ஒரே கரைதான்.

உண்மையான வித்தியாசம் ஒண்டு சொல்லச் சொன்னா ஊழச் சொல்லுவன். மதுரைத் தெய்வம் வந்து கண்ணகைட்ட, முன்பிறப்பில உன்ட புருசன் சங்கமன் எண்ட வியாபாரிய ஒற்றன் எண்டு சொல்லிக் கொல்லவைச்சான், அவன்ட பொண்டாட்டி நீலி இட்ட சாபம்தான் இது எண்டு கணக்கு ஒப்புவிக்கும். கிரேக்கத்தில இந்தக் கணக்கு இல்ல. தெரியாம தகப்பனக் கொலை செஞ்சி தாயக் கலியாணம் முடிச்ச ஈடிபஸ் என்ன செய்தான் எண்டு கேட்டா முன்பிறப்பு எண்டு தப்ப ஏலாது. ஆனா இளங்கோ அந்த விளக்கத்த எங்க வைச்சிரிக்கார் எண்டு பாருங்க, ஊர் எரிஞ்ச பிறகு. அதக் கேட்டிட்டு அவ ஆறுதலாகிப் போய் இருக்கல்ல, பதினாலு நாள் மேட்டையும் பள்ளத்தையும் பாராம நடந்து போய்ச் சேந்தவ.

கடைசியா அக்கிலிஸ். உங்கட பொடியன் சொன்னது சரி, கோவக்காரன்தான். அந்தக் காவியத்தின்ட முதல் சொல்லே கோவம். ஆனா கோவப்படு எண்டு சொல்லவா பதினஞ்சாயிரத்துச் சொச்சம் வரி? ஹெக்டர்ட உடம்ப தேர்ல கட்டி இழுத்தவன்ட கூடாரத்துக்கு, ராவோட ராவா, தகப்பன் பிரியாம் வாறான். ராசா. கிழவன். முழங்கால்ல விழுந்து, தன்ட மக்களக் கொண்ட கையக் கொஞ்சிறான். உன்ட தகப்பன நினைச்சிப் பார் எண்டு கேக்கிறான். ரெண்டுபேரும் அழுறாங்க, ஒருத்தன் மகனுக்கு, ஒருத்தன் தகப்பனுக்கும் செத்த சினேகிதனுக்கும். மறுகா அக்கிலிஸ் ஒரு வேலை செய்வான், இதத்தான் நான் சொல்ல வந்தன். உடம்பக் கழுவச் சொல்லுவான், ஆனா கிழவன்ட கண்ணுக்குப் படாம ஒதுக்காக் கழுவச் சொல்லுவான். ஏனெண்டா மகன்ட உடம்பக் கண்டு கிழவன் கத்தினா, தனக்குத் திரும்பவும் கோவம் வந்து கிழவனையும் கொண்டுபோடுவனோ எண்டு பயம். தன்ட கோவத்துக்கே பயந்தவன். அடக்கமுடைமை எண்டு நாங்க அதிகாரம் அதிகாரமாப் படிக்கிறமே, அது ஒரு மனிசனுக்குள்ள வேலை செய்யிறத இதவிடக் கிட்ட நிண்டு காட்டின இடம் நான் வாசிச்சதுக்குள்ள இல்ல.

எங்கட சின்னம்மாட மகன் 1990ல வீட்டில இருந்து போனவன், வரல்ல. எட்டும் செய்யல்ல, முப்பத்தொண்டும் செய்யல்ல, ஆண்டுத் திவசமும் இல்ல, என்ன திகதிய வைக்கிற? ஒருநாள் பின்னேரம் அவவிட குசினி வாசல்ல இருந்து தேத்தண்ணி குடிக்கக்குள்ள, என்ன வாசிக்கிறாய் மனே எண்டு கேட்டா. நான் இந்தக் கிழவன்ட கதையச் சொன்னன், பேரெல்லாம் விட்டுட்டு, ஒரு ராசா, ஒரு மகன், ஒரு எதிரி எண்டு மட்டும். கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்தவ கையை நிப்பாட்டிட்டா.

"குடுத்தானா?"

"குடுத்தான் சின்னம்மா."

"எத்தின நாள் வைச்சிருந்தான்?"

"பன்னிரண்டு நாள்."

"பன்னிரண்டு நாள்தானா" எண்டா. மறுகா கீரைய எடுத்தா. கொஞ்சம் பொறுத்து, "புதைக்க விட்டானா?" எண்டா. பதினொரு நாள் சண்டை நிப்பாட்டி விட்டான், ஒன்பது நாள் அழ, பத்தாம் நாள் எரிக்க, பதினோராம் நாள் மேடு கட்ட எண்டன். "அப்ப நல்லவன்தான்" எண்டா.

அந்தப் பொடியனுக்கு ஓமெண்டும் இல்லையெண்டும் சொல்லாம, இந்தக் கிழவன்ட கதையையும், எள்ளும் தண்ணியும் இறைக்க ஆளக் காட்டு எண்டு கும்பகர்ணன் கேட்டதையும் பக்கத்தில பக்கத்தில வைச்சி ஒரு பீரியட் சொல்லிப் பாருங்க. அவன் என்ன சொல்றான் எண்டு எனக்கும் எழுதுங்க. பேப்பருக்கு எண்டா அந்த மூண்டு பண்பும் மேற்கோளோட பாடமாக்கச் சொல்லுங்க, இல்லாட்டி மார்க்ஸ் போயிரும், பிறகு தாய் தகப்பன் என்னத்தான் ஏசுவாங்க.

அன்போட,
அண்ணன்